பார்வை இழந்தோரிடம் பாடம் கேட்போம்

ஹெந்தளையில் ஒரு பழைய வைத்தியசாலை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1708ஆம் ஆண்டில், தொழுநோயாளருக்கென்று கட்டப்பட்டது. ஆசியாவிலேயே மிகப் பழைய தொழுநோய் வைத்தியசாலைகளுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள். தொழுநோய் என்றதும் எம்மில் பலருக்கு மழுங்கிய விரல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கண் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆனால் அந்த நோய் கண்ணையும் பறிக்கும். எப்படிப் பறிக்கிறது என்று அறிந்துகொண்டால், நோயில்லாத எமது கண் நாள் முழுவதும் சத்தமில்லாமல் செய்துவரும் வேலை என்ன என்பதும் விளங்கிவிடும்.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. முகத்துக்குச் செல்லும் நரம்பு பழுதடைந்தால் கண்ணிமை முழுதாக மூடாது. நித்திரையிலும் கண் அரைவாசி திறந்தபடியே கிடக்கும். கண்ணின் மேற்பரப்புக்கு உணர்ச்சியைத் தரும் நரம்பும் பழுதடைந்தால் தூசி விழுந்தாலும் தெரியாது. நோவு இல்லாதபடியால் அதை எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வராது. கண் உலர்கிறது, கீறுப்படுகிறது, புண்ணாகிறது. புண் ஆறும்போது கருவிழியின் மேல் வெண்மையான தழும்பு படிகிறது. பார்வை போய்விடுகிறது.

ஆகவே இந்த நோயாளருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதற் பாடங்களில் ஒன்று, நினைத்து இமைப்பது. நடக்கும்போது ஒரு மரத்தைக் கடந்தால் இமை, ஒரு வாசலைத் தாண்டினால் இமை, ஒருவருடன் கதைக்கத் தொடங்கினால் இமை என்று பழக்குவார்கள். காலையிலும் மாலையிலும் கண்ணாடியில் பார்த்து, கண் சிவந்திருக்கிறதா, தூசி கிடக்கிறதா என்று தாமே சோதிக்க வேண்டும். படுக்கப் போகும்போது சுத்தமான துணியால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நாமோ நிமிடத்துக்குப் பதினைந்து தடவை மட்டில் இமைக்கிறோம். இன்று காலையிலிருந்து எத்தனை தடவை இமைத்தோம் என்று எம்மில் எவராவது எண்ணியதுண்டா?

(இடையில் ஒரு சொல். தொழுநோய் இன்று மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய். 1983ஆம் ஆண்டிலிருந்து கூட்டு மருந்து இலங்கையில் கொடுக்கப்பட்டு வருகிறது. மருந்து தொடங்கியதும் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். இந்த நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகின்றனர். தோலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் வெட்கப்படாமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.)

பார்வையை இழந்தவர்களும், இழக்கும் ஆபத்தோடு வாழ்பவர்களும் கண்ணைப் பற்றி எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, மண்ணில் வேலை செய்பவனின் கண் எப்படிப் போகிறது என்பது. மற்றது, பழகிய இடத்தை இழந்த பின் புதிய இடத்தில் எப்படி வாழப் பழகுவது என்பது. இரண்டாவதில் அவர்களே எமக்கு ஆசிரியர்கள்.

வயலில் காயப்படும் கண்

கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. அதன் நடுப்பகுதி அரை மில்லிமீற்றர் தடிப்பு மட்டுமே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்திருந்தால் ஒளி தடைப்பட்டிருக்கும். தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது கண்ணீரின் ஊடாக வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால் நரம்புகள் அதில் மிக நெருக்கமாக உண்டு. உடம்பில் வேறெங்கும் பட்டால் தெரியாத ஒரு சின்னத் தூசி கண்ணில் பட்டதும் ஆளையே நிலைகுலையச் செய்வது அதனால்தான். அந்த நோவு ஒரு காவற்காரன். தொழுநோயாளர் இழப்பது அந்தக் காவற்காரனைத்தான். நாமோ காவற்காரன் கூப்பிட்டாலும் எழும்பாத ஆட்கள். "பின்னேரம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு மிச்ச வேலையைப் பார்க்கிறோம்.

சூடு அடிக்கும்போது பறக்கும் உமி, அரிவு வெட்டும்போது கண்ணைக் கீறும் நெல்லிலை, வேலிக்குக் கதிகால் வெட்டும்போது தெறிக்கும் சிராய், பால் கறக்கும்போது மாடு வீசும் வால் என எமது தொழிலில் கண்ணுக்கு ஆபத்து எங்கும் உண்டு. கீறல் சின்னதாக இருக்கலாம். ஆனால் இலையிலும் உமியிலும் பூஞ்சணம் இருக்கும். கீறலின் வழியாக அது உள்ளே இறங்கினால் கண்ணில் புண் உண்டாகும். அதை ஆற்றுவது வைத்தியருக்கே கடினம். மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் விவசாயத் தொழில் செய்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்ட புண்களில் பூஞ்சணத்தால் வந்தவை ஏறக்குறைய அரைவாசி.

இனி நல்ல செய்தி ஒன்று. நேபாளத்தில் பக்தபூர் என்ற விவசாயப் பிரதேசத்தில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களே கிருமி எதிர்ப்புக் களிம்பை மூன்று நாட்களுக்குப் போட்டுவிடும் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். அதன் முடிவு 2001இல் வெளிவந்தது. காயம்பட்டுப் பதினெட்டு மணித்தியாலத்துக்குள் வந்து மருந்து போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. பிந்தி வந்தவர்களில் சிலருக்கு உண்டாயிற்று. மருந்து ஒன்றுதான், களிம்பும் மலிவானதுதான். வித்தியாசம் போன நேரத்தில் இருந்தது. காலையில் கண்ணில் உமி பட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாட் கூலி போகும்தான். கண் போனால் போகும் கூலியை ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

போகும்வரை செய்யக்கூடியது அதிகம் இல்லை. கண்ணைக் கசக்க வேண்டாம். கொதித்தாறிய நீரால் மெதுவாகக் கழுவலாம். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவே கூடாது. செய்யக் கூடாதவைதான் எங்கள் ஊர்களில் கூட. தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவின் சாறு விடுவது, நாக்கால் தூசி எடுப்பது, சேலைத் தலைப்பால் துடைப்பது எல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. செய்கிற தாயையோ பாட்டியையோ நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இவை ஒவ்வொன்றும் புதிய கிருமியைக் கீறலுக்குள் கொண்டுபோய் வைக்கக்கூடியவை. இன்னொருவருக்குக் கொடுத்த துளிமருந்தில் மிச்சத்தை விடுவது இன்னும் மோசம். அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் கண்ணின் சிவப்பு குறையும், நோவும் குறையும், பூஞ்சணம் மட்டும் உள்ளே செழித்து வளரும்.

ஒரு காரியம் மாத்திரம் வைத்தியசாலைக்குப் போக முன்பே, நின்ற இடத்திலேயே செய்ய வேண்டியது. வெற்றிலைச் சுண்ணாம்போ, பயிருக்கு அடிக்கும் மருந்தோ கண்ணில் பட்டால், கிடைக்கிற சுத்தமான தண்ணீரை விட்டு அரை மணித்தியாலமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணின் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும் இயல்புடையது. கொட்டிலுக்குள் எல்லாச் சாமானும் நிலத்தில் இருக்கும் வாழ்க்கையில், தவழும் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் சுண்ணாம்புப் பெட்டியை வையுங்கள்.

காயம் படாமலே போகும் கண்களும் உண்டு. வயதானவர்களுக்கு வரும் வெண்புரை சத்திரசிகிச்சையால் நீங்கும். அரசாங்க வைத்தியசாலைகளில் அதைச் செய்கிறார்கள். "வயசு போனால் கண் தெரியாதுதானே" என்று இருந்துவிடுவது வீண் இழப்பு. குளுக்கோமா என்பது வேறு. அது பெரும்பாலும் நோவு இல்லாமல், பக்கப் பார்வையை முதலில் தின்றுகொண்டு வரும். போன பார்வையை எந்த வைத்தியராலும் திருப்பித் தர முடியாது. மிஞ்சியதைக் காப்பாற்ற மட்டும் முடியும். பெற்றோருக்கோ சகோதரருக்கோ அது இருந்தால், நாற்பது வயதைக் கடந்தவர்கள் நன்றாகத் தெரிந்தாலும் கண்ணைச் சோதிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் அப்படியே. சிறு பிள்ளை மாலை நேரத்தில் தட்டுத்தடுமாறினால் அது விற்றமின் ஏ குறைவின் அடையாளமாக இருக்கலாம். முருங்கையிலையும் பப்பாசியும் பூசணியும் தறப்பாள் வீட்டின் பக்கத்திலும் வளரும்.

இடம் மாறினால் என்ன நடக்கிறது?

வன்னியிலிருந்து வந்து இங்கே மகளோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிற ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும். குளுக்கோமாவினால் ஐம்பத்தைந்து வயதில் அவவுக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் சொந்த வளவில் அவ செய்யாத வேலை இல்லை. தண்ணீர் அள்ளினா, நெல்லுப் புடைத்தா, கோழிக்குத் தீன் போட்டா. படலையிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் வேம்பின் வேர் காலில் தட்டும், கிணற்றுக் கட்டில் எந்தக் கல் ஆடும் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்திருந்தது. 2008இல் குடும்பம் இடம்பெயர்ந்தது. இடம் இடமாக ஓடி, கடைசியில் முகாமில் வந்து நின்றது.

"எனக்குக் கண் போனது அம்பத்தஞ்சு வயதில, சுவாமி. ஆனா நான் குருடியானது முகாமுக்கு வந்தாப் பிறகுதான்" என்றா.

இந்தப் பேச்சை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கண் தெரிகிறவன் இடம்பெயரும்போது வீட்டையும் வயலையும் இழக்கிறான். கண் தெரியாதவர் அவற்றோடு தமது பார்வைக்குப் பதிலாக வைத்திருந்த முழு வளவையும் இழக்கிறார். அவர் அறிந்திருந்த வேர், கல், வேலி, காற்று ஒன்றும் புதிய இடத்தில் இல்லை. வரிசையாக நிற்கும் கூடாரங்கள் எல்லாம் கைக்கு ஒரே மாதிரி. அதைவிட, பிள்ளைகள் பாசத்தினால் அவரை ஒரு மூலையில் இருத்திவிடுகிறார்கள். "நீங்கள் எழும்பவேண்டாம், நாங்கள் பாக்கிறம்." சாப்பாடு வருகிறது, தண்ணீர் வருகிறது. மலசலகூடத்துக்குப் போக ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆள் வரப் பிந்தும் என்று பயந்து, ஆச்சி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டா. இது அவ ஒருவரின் கதை அல்ல. முகாம்களில் வேலை செய்த எவரும் இப்படி ஒருவரையாவது கண்டிருப்பார்கள்.

ஆச்சியைத் திரும்ப எழுப்பியது ஒரு கயிறு. பத்து வயதுப் பேத்தி கூடாரத்துக் கம்பிலிருந்து மலசலகூடம் வரை, இடுப்பு உயரத்தில், வழி நெடுகத் தடி நட்டு ஒரு கயிறு கட்டினாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய முடிச்சு. கயிற்றைப் பிடித்து நாலைந்து தரம் பேத்தியோடும், பிறகு தனியவும் போனா. ஒரு கிழமையில் கயிறு இல்லாமலே போகக்கூடியதாக இருந்தது. கயிற்றின் உதவியால் கால் புது நிலத்தைப் படித்துவிட்டது.

ஹெந்தளைக்கு வந்த பிறகு அவவுக்குக் கயிறு தேவைப்படவில்லை. பகலில் முகத்தில் கடற்காற்றுப் பட்டால் அது மேற்கு. எதிர்வீட்டு முச்சக்கர வண்டி காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்தச் செருப்புச் சத்தம் எந்தப் பிள்ளையுடையது என்று முதற் கிழமையிலேயே அறிந்துகொண்டா. அயலாரின் பெயர்கள் எல்லாம் அவவுக்குத் தெரியும், ஏனென்றால் கேட்காமல் அவவால் ஓர் அடி வைக்க முடியாது. அதே வீட்டில் இருக்கும் மருமகனுக்கு ஒரு வருடமாகியும் அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பெயர் தெரிந்திருக்கவில்லை. ஆச்சிதான் சொல்லிக்கொடுத்தா. நாம் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று நினைப்பதால் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். இடம்பெயர்ந்தவர்களாகிய எமக்கு இது சாதாரண இழப்பு அல்ல. அயலை அறியாதவனுக்குக் கூலிவேலை எங்கே உண்டு, குத்தகைக்கு நிலம் யார் கொடுப்பார், நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில் என்று தெரியவராது.

பார்வையற்றவர்களுக்குக் காது இயற்கையாகவே கூர்மையானது என்று ஒரு நம்பிக்கை உண்டு. காது எமக்கும் அதே காதுதான். அவர்கள் அதைக் கவனித்துக் கேட்கப் பழகியிருக்கிறார்கள். இரு கண்ணையும் மூடிக்கொண்டு பத்து நிமிடம் உங்கள் முற்றத்தில் இருந்து பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, எந்த மரத்தில் குருவி கத்துகிறது, வீட்டுக்குள் யார் கோபமாகப் பாத்திரம் கழுவுகிறார்கள் என்பது எல்லாம் தெரியவரும்.

எப்படி உதவுவது?

முதலில் கேளுங்கள். கேட்காமல் கையைப் பிடித்து இழுப்பது உதவி அல்ல. பார்வையற்றவரின் கையை நீங்கள் பிடிக்காமல், உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடந்தால், படி ஏறுவதையும் இறங்குவதையும் உங்கள் உடம்பின் அசைவிலிருந்தே அவர் அறிந்துகொள்வார். "அங்கே", "இங்கே" என்ற சொற்கள் அவருக்குப் பிரயோசனமற்றவை. "இடப்பக்கம் மூன்று அடி" என்று சொல்லுங்கள். கிட்ட வந்தால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், போகும்போதும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் போய்விட்டது தெரியாமல் வெறுங் காற்றோடு கதைத்துக்கொண்டிருப்பது எவருக்கும் வெட்கமான காரியம். வாளியையும் மண்வெட்டியையும் நடைவழியில் போடவேண்டாம். கதவு ஒன்றில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாகச் சாத்தியிருக்க வேண்டும். அரைவாசி திறந்த கதவுதான் நெற்றியை உடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், அவருக்கு ஒரு வேலை கொடுப்பது. வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, ஓலை பின்னுவது, பிள்ளையைத் தாலாட்டுவது, எதுவாயினும். அந்த வேலை அவருடையதாகவே இருக்கட்டும். சுணங்கினால் பறித்துச் செய்யாதீர்கள்.

பிள்ளைக்குப் பார்வை இல்லையென்றால்?

பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்ற கிராமத்தில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். 1812இல் அவருடைய மூன்று வயது மகன் பட்டறையில் விளையாடும்போது தோலைத் துளைக்கும் ஊசியால் கண்ணில் காயப்பட்டான். பழுது மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதளவில் முற்றாகப் பார்வை போயிற்று. தகப்பன் அவனைப் பட்டறையின் மூலையில் இருத்திவிடவில்லை. தடி கொடுத்து நடக்கப் பழக்கினார், பாடசாலைக்கு அனுப்பினார். பதினைந்து வயதில் அந்தப் பையன் ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் வாசிக்கும் எழுத்து முறையை உருவாக்கினான். அவன்தான் லூயி பிரெயில். அந்த ஆறு புள்ளிகளால் இன்று தமிழும் எழுதப்படுகிறது, வாசிக்கப்படுகிறது.

எமது நாட்டிலும் வழி உண்டு. 1912இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். வடக்கில் கைதடியில் நவீல்ட் பாடசாலை உண்டாயிற்று. யுத்தம் நடந்துகொண்டிருந்த எண்பதுகளின் கடைசியில், சுன்னாகத்தில் விழிப்புலனற்றோருக்கான வாழ்வகம் தொடங்கப்பட்டது. அங்கே தங்கிப் படித்தவர்களில் பல்கலைக்கழகம் சென்றவர்களும் ஆசிரியர்களானவர்களும் உண்டு. இன்று கைத்தொலைபேசியே எழுத்தை வாசித்துச் சொல்கிறது. இவ்வளவு இருந்தும், இடம்பெயர்ந்த குடும்பங்களில் பார்வையற்ற பிள்ளை வீட்டிலேயே நிற்கிறது. "பதிவு இல்லை", "இனித் திரும்பிப் போகப்போகிறோம்தானே", "பொம்பிளைப் பிள்ளை, எப்படித் தனிய விடுவது" என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. கடைசிக் காரணத்தில் உள்ள பயத்தை நான் மதிக்கிறேன். அதற்கு மருந்து, தாயோ தகப்பனோ நேரில் போய் அந்த இடத்தைப் பார்த்து, அங்குள்ள பிள்ளைகளோடு கதைத்து வருவதுதான். மற்ற இரண்டு காரணங்களுக்காகவும் ஒரு பிள்ளை ஒரு வருடத்தைக்கூட இழக்கக் கூடாது. கிராம உத்தியோகத்தரிடமும் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடமும் கேளுங்கள்.

கருவிழியில் தழும்பு விழுந்தவர்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. இறந்தவர் ஒருவரின் கருவிழிப் படலத்தை எடுத்துப் பொருத்தலாம். மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா 1958இல் பத்திரிகையில் எழுதி இதற்காக மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். 1960இல் அவருடைய தாயார் இறந்தபோது, அந்த அம்மையாரின் கருவிழிகள் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டன. 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் அமைந்தது. 1964இல் இங்கிருந்து முதற்தடவையாகச் சிங்கப்பூருக்குக் கருவிழிகள் அனுப்பப்பட்டன. அதன் பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கின்றன. எமது மக்களிடையே இதில் தயக்கம் உண்டு, முகம் விகாரப்படுமோ என்று. விகாரப்படாது. கண்ணாடி போட்டவரும், வெண்புரை வந்தவரும், வயதானவரும் கொடுக்கலாம்.

கொடுக்க விரும்புகிறவர் அதை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் சாவீட்டில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். மரணம் நிகழ்ந்து சில மணித்தியாலத்துக்குள் கண் எடுக்கப்பட வேண்டும். ஆகையால் உடனடியாக அறிவிக்க வேண்டும். ஆள் வந்து சேரும்வரை வீட்டார் செய்ய வேண்டியது, இறந்தவரின் இமைகளை நன்றாக மூடிவிட்டு, நனைத்த பஞ்சை அவற்றின் மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுவது. கருவிழி உலர்ந்துபோகக் கூடாது.